வளரும் கால்களுக்கு எவ்வளவு பயிற்சி?

திங்கட்கிழமை காலைகளில் எங்கள் எலும்பு மற்றும் விளையாட்டு மருத்துவப் பிரிவின் புறநோயாளிகள் வரிசையில் பள்ளிச் சிறுவர்கள் சற்றுக் கூடுதலாகவே காணப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் முடிந்த மறுநாள் அது. முழங்காலைப் பிடித்துக்கொண்டும், குதிகாலை ஊன்றாமல் நொண்டியும் வருகிறவர்களில் பெரும்பாலோர் 11 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். கீழே விழுந்தார்களா, யாரேனும் இடித்தார்களா என்று கேட்டால், "இல்லை, தானாகத்தான் வந்தது" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

அப்படி வந்த ஒரு சிறுவனிடமிருந்து தொடங்குகிறோம். இது ஒரு தனிப் பிள்ளையின் கதை அன்று; நாங்கள் பார்த்த பலரின் கதைகளைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிறோம். வயது 13, எட்டாம் வகுப்பு. தந்தை வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் இரவுப் பணி முடித்து, சீருடையோடு நேராக மருத்துவமனைக்கு வந்திருந்தார். பையனுக்கு மூன்று மாதங்களாக முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. அந்த இடத்தில் எலும்பு சிறிது புடைத்திருந்தது. படியிறங்கும்போது முகம் சுளித்தான். அடுத்த வாரம் அணித் தேர்வு. நாங்கள் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே தாய் சொன்னார்: "டாக்டர், விளையாடவே கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்டோம். கடந்த ஓராண்டில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான்? ஒரு வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆடுகிறான்? முதல் கேள்விக்குத் தந்தை, "ஜூன்ல எடுத்த பேண்ட் டிசம்பர்லயே கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு சார்" என்றார். இரண்டாவது கேள்விக்கு மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை அவ்விரண்டு கேள்விகளைப் பற்றியது.

நம் பகுதியின் பிள்ளைகள்

இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1998. ஒரகடத்தில் பெரிய கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 2010-இல். வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த பலர் சுங்குவார்சத்திரம், வல்லம், படப்பை, வாலாசாபாத் சாலையோரக் குடியிருப்புகளில் குடும்பமாகத் தங்கினர். அவர்களில் பலரின் பிள்ளைகள் இன்று வளரிளம் பருவத்தில் இருக்கிறார்கள். பள்ளி அணி, மாலை நேரக் கால்பந்துப் பயிற்சி, வாடகைக்குக் கிடைக்கும் செயற்கைப் புல்தரை மைதானம், வற்றிய ஏரிக்கரை என்று கிடைத்த இடத்தில் ஆடுகிறார்கள்.

இது மகிழ்ச்சிக்குரியது. ஓடியாடும் பிள்ளையின் இதயமும் எலும்பும் மனமும் வலுப்பெறுகின்றன. சென்னை வியாசர்பாடியின் தெருக்களில் பந்து விளையாடத் தொடங்கியவர்கள் நாட்டின் பெரிய கழகங்கள்வரை சென்றிருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் அரசு வேலையும் கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையும் பல குடும்பங்களுக்கு உண்டு. ஆகவே, ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது எங்கள் நோக்கமன்று. வளரும் உடலுக்கு ஏற்ற அளவை அறிந்து ஆடச் சொல்வதே நோக்கம்.

பிறந்த தேதியும் உடலின் வயதும்

எட்டாம் வகுப்பு மாணவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும். அவனருகில் நிற்பவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைபோல் இருப்பான். பிறந்த தேதிப்படி இருவருக்கும் 13 வயது. உடலின் முதிர்ச்சியில் இரண்டு, மூன்று ஆண்டுகள் வேறுபாடு இருக்கலாம். இருவருமே நலமான பிள்ளைகள்தாம்.

பருவம் தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 செ.மீ. வளர்கிறார்கள். பின்னர் திடீரென்று வேகம் கூடுகிறது. இந்த வேகம் உச்சத்தைத் தொடுவது பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் ஆகும். அந்த ஓராண்டில் பெண்கள் 8 செ.மீ. அளவிலும், ஆண்கள் 9 அல்லது 10 செ.மீ. அளவிலும் உயர்வதுண்டு. முதலில் பாதமும் காலும் நீள்கின்றன. உடற்பகுதி பின்னால் வருகிறது. தசையின் வலிமை அதற்கும் பிறகுதான் வந்து சேர்கிறது.

இந்த இடைவெளியில்தான் தொல்லைகள் தொடங்குகின்றன. வளரும் எலும்பின் முனைகளில் 'வளர்ச்சித் தட்டு' எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அது முற்றிய எலும்பைவிட மென்மையானது. தொடைத் தசை, கெண்டைக்கால் தசை போன்ற பெரிய தசைகளின் நாண்கள் எலும்பைப் பற்றும் இடங்களிலும் இத்தகைய குருத்தெலும்பு உண்டு. எலும்பு வேகமாக நீளும்போது தசைநாண் இழுபடுகிறது. ஒவ்வொரு உதையும், ஓட்டமும், தாவலும் அதே மென்மையான இடத்தைப் பிடித்து இழுக்கின்றன.

எலும்பின் உறுதியும் உயரத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வருகிறது. உயரம் வேகமாகக் கூடிய சில மாதங்களுக்குப் பின்னரே சுண்ணாம்புச் சத்து எலும்பில் வேகமாகப் படிகிறது. அந்த உச்சத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில், வளர்ந்தவரின் எலும்புக் கனிமத்தில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. நல்ல உணவும் அளவான ஆட்டமும் மிகுந்த பயன் தருவது அப்போதுதான். அளவு மீறினால் மிகுந்த கேடு வருவதும் அப்போதுதான்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். கால்கள் திடீரென நீண்ட பிள்ளைக்குப் பந்தைக் கட்டுப்படுத்தும் திறன் சில மாதங்களுக்குக் குறைந்ததுபோல் தோன்றலாம். நேற்றுவரை எளிதாகச் செய்ததில் இன்று தடுமாறுவான். "கவனமில்லை", "சோம்பல்" என்று திட்டி, கூடுதல் பயிற்சி கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. உண்மையில் புதிய நீளத்தில் அமைந்த கால்களை மூளை மீண்டும் பழகிக்கொண்டிருக்கிறது. பொறுமை காட்டினால் திறன் திரும்பி வரும்.

எந்த இடத்தில் வலி?

வளர்ச்சியோடு சேர்ந்து வரும் இவ்வலிகள் பொதுவாகக் காலின் கீழிருந்து மேல்நோக்கி வருகின்றன. 9 முதல் 12 வயதில் குதிகாலின் பின்புறம் வலிக்கும்; ஆட்டம் முடிந்தபின் நுனிக்காலில் நடப்பார்கள். 11 முதல் 14 வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் மேட்டில் வலியும் புடைப்பும் வரும். 1903-இல் இதைத் தனித்தனியே விவரித்த ஆஸ்குட், ஷிலாட்டர் என்னும் இரு மருத்துவர்களின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. நம் சிறுவனுக்கு வந்தது இதுவே. 14 முதல் 17 வயதில் இடுப்பெலும்பின் முன்பகுதியில், உதைக்கும் தசை பற்றும் இடத்தில் வலி வரலாம். முதுகை வளைத்துத் திருப்பி ஆடுகிறவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் அழுத்த விரிசலும் ஏற்படுவதுண்டு.

இவற்றில் பெரும்பாலானவை சுமையைக் குறைத்தாலே குணமாகிவிடும். அறுவை சிகிச்சையோ, மாதக்கணக்கில் படுத்த ஓய்வோ தேவைப்படாது. ஆனால் வலியை மறைத்து ஆடும் பிள்ளைக்கு, தாவிக் குதிக்கும் ஒரு நொடியில் அந்த எலும்பு மேடு பெயர்ந்துவிடக்கூடும். "டப்" என்ற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு காலை நீட்டவே முடியவில்லை என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போது திருகாணி வைத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மாதக்கணக்கில் ஆட்டமும் போய்விடும். இரண்டு மாதம் அளவாக ஆடியிருந்தால் தவிர்க்கக்கூடியதாக இருந்த ஒன்றை ஓர் அணித் தேர்வுக்காகத் தவிர்க்காமல் விட்டோமே என்று பெற்றோர் வருந்துவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

யாரும் கூட்டாத கணக்கு

நம் சிறுவனின் வாரத்தை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதினோம். பள்ளி அணிப் பயிற்சி, திங்கள் முதல் வெள்ளிவரை நாள்தோறும் ஒரு மணி நேரம்: 5 மணி. மாலை நேரப் பயிற்சி நிலையத்தில் செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாட்கள் இரண்டிரண்டு மணி நேரம்: 8 மணி. ஞாயிறன்று தெரு அணிக்காகத் தலா 40 நிமிடம் கொண்ட மூன்று ஆட்டங்கள்: 2 மணி. மொத்தம் 15 மணி நேரம். ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை.

பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்தது 5 மணி. பயிற்சி நிலையத்தாருக்குத் தெரிந்தது 8 மணி. தெரு அணித் தலைவருக்குத் தெரிந்தது 2 மணி. மூவரில் எவரும் மிகையாகக் கேட்கவில்லை. பதினைந்தையும் சுமந்தது ஒரே ஒரு முழங்கால்.

விளையாட்டு மருத்துவத்தில் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஒரு பிள்ளை ஒரு வாரத்தில் முறையான பயிற்சியிலும் போட்டியிலும் செலவிடும் மணி நேரம் அவன் வயதின் எண்ணிக்கையைத் தாண்டாதிருப்பது நல்லது. 13 வயதுப் பிள்ளைக்கு 13 மணி என்பது மேல்வரம்பு. எட்ட வேண்டிய இலக்கு என்று கொள்ளக்கூடாது. வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். ஆண்டில் இரண்டு, மூன்று மாதங்களேனும், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகி நீச்சல், மிதிவண்டி, கபடி, இறகுப்பந்து என்று வேறொன்றில் ஈடுபடுவது உடலுக்கு நல்லது.

நேரம் மட்டும் சுமையாகாது. உழைப்பின் கடுமையும் சேர்ந்ததே சுமை. ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையிடம், "இன்றைக்கு எவ்வளவு கடினமாக இருந்தது? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்" என்று கேளுங்கள். அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்குங்கள். நம் சிறுவன் பள்ளிப் பயிற்சிக்கு 5 என்றான்: 300 நிமிடம், 1500. மாலைப் பயிற்சிக்கு 6: 480 நிமிடம், 2880. ஞாயிறு ஆட்டங்களுக்கு 8: 120 நிமிடம், 960. வாரச் சுமை 5340. உலகின் பெரிய கழகங்கள் பின்பற்றும் முறைகளில் இதுவும் ஒன்று. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

இந்த எண்ணை வேறு பிள்ளையின் எண்ணோடு ஒப்பிட வேண்டியதில்லை. அதே பிள்ளையின் சென்ற வாரத்தோடு ஒப்பிடுங்கள். திடீர்த் தாவலே ஆபத்தின் அறிகுறி. நம் ஊரில் அந்தத் தாவல் எப்போது நிகழ்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆண்டுத் தேர்வுக்காகப் பல வாரங்கள் பந்தைத் தொடாத பிள்ளை, விடுமுறை விட்டதும் கோடை முகாமில் காலையும் மாலையும் ஓடுகிறான். மே மாத வெயிலும் அதனோடு சேர்கிறது. முகாம் தொடங்குவதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் முன்பிருந்தே சிறிது சிறிதாக ஓடிப் பழகச் செய்யுங்கள். கோடையில் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் மட்டும் பயிற்சி இருப்பது நலம்.

ஆலையில் பணிபுரியும் பெற்றோர்க்கு இதை விளக்குவது எங்களுக்கு எளிது. புதிய இயந்திரத்தை முதல் நாளே முழுச் சுமையில் யாரும் ஓட்டுவதில்லை. பராமரிப்புக்கு நிறுத்தும் நேரத்தை வீண் என்றும் யாரும் சொல்வதில்லை.

"உயரம் போதாது" என்று சொல்லப்பட்டவர்கள்

12, 13 வயதில் அணித் தேர்வு நடக்கும்போது முன்கூட்டியே வளர்ந்த பிள்ளை வேகமாக ஓடுவான், இடித்துத் தள்ளுவான். அதனால் முதலில் தேர்வாவான். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுகிறது. மெதுவாக வளரும் பிள்ளைக்கு "உயரம் போதாது" என்ற சொல் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே உயரத்தில் நிற்கலாம். ஆனால் அதற்குள் ஒருவன் ஆட்டத்தையே விட்டிருப்பான். இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதில் உடல் சிறிது என்று அவருடைய கழகம் விடுவித்தது. 2016-இல் லெஸ்டர் சிட்டி அணியோடு இங்கிலாந்தின் முதன்மைக் கோப்பையை வென்றவர் அவர்.

இதை உணர்ந்த இங்கிலாந்து பிரீமியர் லீக், 2015-இல் நான்கு கழகங்களின் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனைப் போட்டி நடத்தியது. பிறந்த ஆண்டைப் பாராமல், இறுதியில் எட்டக்கூடிய உயரத்தில் 85 முதல் 90 விழுக்காடு எட்டியவர்களை ஒரே பிரிவாக்கினர். 11 வயதினரும் 14 வயதினரும் அதில் கலந்து ஆடினர். முன்கூட்டி வளர்ந்தவர்கள் உடல் பலத்தை மட்டும் நம்ப முடியாமல் திறனைக் காட்ட வேண்டியிருந்தது. மெதுவாக வளர்ந்தவர்களுக்குத் தங்கள் திறனைக் காட்ட இடம் கிடைத்தது. நம் பள்ளிகளிலும் வாரத்தில் ஒரு நாள் பயிற்சியிலேனும் உடல் அளவு பார்த்து அணி பிரிக்கலாம். அதற்குப் பணம் எதுவும் செலவாகாது.

வயதுப் பிரிவுப் போட்டிகளில் எலும்பு வயதுச் சோதனை கேட்கப்படுவதையும் சில பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் எலும்புகள் எந்த அளவு முற்றியுள்ளன என்பதைப் பார்த்து மதிப்பிடுவது ஒரு முறை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2009-ஆம் ஆண்டு நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. முறையைப் பயன்படுத்தி வருகிறது. பிறந்த வயதுக்கும் எலும்பு வயதுக்கும் ஓரிரு ஆண்டு வேறுபாடு இயல்பாகவே இருக்கலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சான்றிதழில் வயதைக் குறைத்துக் காட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது எதிரணியில் நிற்கும் உண்மையான 12 வயதுப் பிள்ளையின் காலுக்கு ஆபத்து. என்றேனும் தெரியவரும்போது உங்கள் பிள்ளையின் வாய்ப்பும் அதோடு முடிந்துவிடும்.

ஊசி போட்டால் வளர்வானா?

"மெஸ்ஸிக்கு ஊசி போட்டார்களாமே, இவனுக்கும் போடலாமா?" என்பது எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி. மெஸ்ஸிக்குச் சிறு வயதில் வளர்ச்சி இயக்குநீர்க் குறைபாடு என்னும் நோய் கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. நலமான பிள்ளைக்கு அந்த ஊசி தேவையற்றது, தீங்கும் விளைவிக்கலாம். விளையாட்டுப் போட்டிகளில் அது தடை செய்யப்பட்ட மருந்தும் ஆகும். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் மாவுகளையும் மாத்திரைகளையும் வாங்கித் தராதீர்கள். சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடி, இருக்க வேண்டிய உயரத்தையும் குறைத்துவிடும். பிள்ளையின் வளர்ச்சி உண்மையிலேயே தடைப்பட்டிருப்பதாக ஐயம் எழுந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு

மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. நம் பகுதியிலும் பெண் பிள்ளைகள் கால்பந்து ஆட வருகிறார்கள்; அவர்களை ஊக்குவியுங்கள். அவர்களின் வளர்ச்சி வேகம் ஆண்களைவிட இரண்டு ஆண்டு முன்பே வருவதால் கவனமும் முன்பே தேவை. பருவமடைந்தபின் முழங்காலின் உட்புறத் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண் பிள்ளைகளைவிட அவர்களுக்குக் கூடுதல். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடியாமல் இறங்கப் பழக்குவது அதைக் குறைக்கும்.

நம் நாட்டில் வளரிளம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. விரைவில் மூச்சு வாங்குகிறது, சோர்கிறாள் என்றால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்காவிட்டாலோ, தொடங்கியபின் மூன்று மாதங்கள் தொடர்ந்து வராவிட்டாலோ, பயிற்சிக்கு ஏற்ற உணவு அவளுக்குப் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். ஆட்டம் ஆடினால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, உயரம் அளத்தல். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், வெறுங்காலுடன், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்தித் தலைமீது ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்துக் கதவு நிலையில் பென்சிலால் கோடிடுங்கள். மாலையில் உயரம் சற்றுக் குறையும். ஆதலால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மூன்று மாதங்களில் 2 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தால் வேக வளர்ச்சி நடக்கிறது என்று பொருள். அந்த மாதங்களில் தாவல், வேக ஓட்டம், தொடர்ந்து ஓங்கி உதைத்தல் ஆகியவற்றைக் குறைத்து, பந்துக் கட்டுப்பாடு, சமநிலைப் பயிற்சி ஆகியவற்றைக் கூட்டும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். நாள், நிமிடம், கடினத்தின் எண், வலி இருந்தால் எந்த இடம் என்ற நான்கே குறிப்புகள். பிள்ளையே எழுதட்டும். மூன்று பயிற்சியாளர்களிடமும் அதைக் காட்டுங்கள்.

மூன்றாவது, உறக்கம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அதற்குக் கீழ்ப்பட்டோருக்கு 9 முதல் 12 மணி நேரம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து தந்தை வரும் நேரத்தில் வீட்டு விளக்குகள் எரியும், தொலைக்காட்சி ஓடும், பிள்ளையும் எழுந்துவிடுவான். ஒற்றை அறை வீடானாலும் ஒரு திரைச்சீலையும் சிறு விளக்கும் உதவும்.

நான்காவது, உணவு. மதிய உணவோடு நேரே மாலைப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளை வெறும் வயிற்றில்தான் ஓடுகிறான். ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் பையில் கொடுத்தனுப்புங்கள். பயிற்சிக்குப் பின் முட்டை, பால், சுண்டல், கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று வீட்டில் இயன்றதே போதும்.

ஐந்தாவது, உடலைச் சூடாக்கும் பயிற்சி. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 7 முதல் 13 வயதினருக்கென '11 பிளஸ் கிட்ஸ்' என்ற பயிற்சித் தொகுப்பை அமைத்துள்ளது. ஒற்றைக் காலில் நிற்றல், சரியாகக் குதித்து இறங்குதல், விழக் கற்றல் போன்றவை அதில் உண்டு. வாரம் இருமுறை, 15 முதல் 20 நிமிடம் இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வு காட்டியிருக்கிறது.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

வளரும் வயதின் வலி எல்லாமே வளர்ச்சியால் வந்ததாகாது. உறக்கத்திலிருந்து எழுப்பும் இரவு வலி, ஓய்வெடுத்தும் குறையாத வலி, நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், ஒரு வாரத்துக்கு மேல் நொண்டுதல் ஆகியவை இருந்தால் தாமதிக்காதீர்கள். எலும்புத் தொற்றும், அரிதாக எலும்புப் புற்றும் இதே வயதில், இதே முழங்கால் பகுதியில் வரக்கூடும். இடுப்பு மூட்டின் கோளாறு முழங்கால் வலியாகத் தோன்றுவதும் உண்டு. அதனால்தான் முழங்கால் வலி என்று வரும் பிள்ளையின் இடுப்பையும் நாங்கள் பரிசோதிக்கிறோம்.

எக்ஸ்ரே எடுக்கும் முன் வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதைத் தவிருங்கள். ஆட்டத்துக்காக வலிமருந்து கொடுத்து இறக்காதீர்கள். வலி என்பது வளர்ச்சித் தட்டு அனுப்பும் செய்தி. மருந்து அந்தச் செய்தியை மட்டும் நிறுத்தும், இழுவையை நிறுத்தாது.

நிறுத்தவில்லை, குறைத்தோம்

நம் சிறுவனுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு பெயரவில்லை என்பது உறுதியானது. மூன்று வாரம் தாவலும் வேக ஓட்டமும் இல்லை. தொடைத் தசையை நீட்டும் பயிற்சியும் பனிக்கட்டி ஒத்தடமும் மட்டும். அணித் தேர்வுக்கு அவன் போகவில்லை. அன்று அவன் அழுதான் என்று தாய் பின்னர் சொன்னார். அதன்பின் பள்ளிப் பயிற்சி வாரம் இரண்டு நாள், மாலைப் பயிற்சி மூன்று நாள் ஒன்றரை மணி நேரம், ஞாயிறன்று இரண்டு ஆட்டங்கள் என்று வகுத்தோம். ஏறத்தாழ 8 மணி நேரம். திங்கட்கிழமை முழு ஓய்வு. தந்தையே மூன்று பயிற்சியாளர்களிடமும் சென்று நோட்டைக் காட்டிப் பேசினார். இருவர் உடனே ஒப்புக்கொண்டனர். ஒருவர் சிறிது முணுமுணுத்தார். பிறகு அவரும் ஒப்புக்கொண்டார்.

முழங்காலின் மேடு அப்படியே இருக்கிறது. அது இருந்தாலும் தவறில்லை. வலி இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு ஆயத்தமாகிறான். கடைசியாக வந்தபோது நோட்டைப் பிரித்துக் காட்டினான். உயரக் கணக்கு ஒரு பக்கம், மணிக் கணக்கு மறுபக்கம். இப்போது நாங்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த வீட்டில் இருக்கிறது.

உங்கள் பிள்ளையும் பந்து விளையாடுகிறான் என்றால், அவள் விளையாடுகிறாள் என்றால், வரும் ஞாயிறு காலை கதவு நிலையில் முதல் கோட்டை இடுங்கள். வலியோடு எங்களிடம் வர நேர்ந்தால், அந்த நோட்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.